மீளுயிர் மந்திரத்துக்கு ஆட்சேபம்

ஞானகுமாரி ஐந்து மந்திரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு பாஸ்போர்ட் அளவு புகைப்படம், ஆதார் நகல், பழைய மந்திரங்களைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று ஓர் உறுதிமொழிக் கடிதம், எல்லாம் மூன்று பிரதி வேண்டும் என்று சங்கச் செயலாளர் வினோத் சொல்லியிருந்தார்.

மந்திரம் என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். இது விளையாட்டு. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். "எதிரே ஒரு குகை. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பார். அவரவர் பாத்திரம் செய்வதைச் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் அரக்கன் சாவான். சிறிதாக விழுந்தால் நாம்.

இதில் ஞானகுமாரியின் பாத்திரத்துக்கு அல்லிமதி என்று பெயர். துணை மந்திரக்காரி, ஹீலர் என்றும் சொல்வார்கள். வாளெடுத்துச் சண்டை போடுவது அவள் வேலை இல்லை. சண்டை போடுகிறவர்களின் காயத்தை ஆற்ற வேண்டும், கவசம் கொடுக்க வேண்டும், இருட்டில் வெளிச்சம் காட்ட வேண்டும். ஜெயித்தால் வாள் பிடித்தவரின் பெயரைச் சொல்வார்கள். தோற்றால், "ஹீலர் இன்னா பண்ணிகினு இருந்துச்சு?" என்று கேட்பார்கள்.

ஞானகுமாரி நெமிலிச்சேரிக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில், பெட்டி மேல் அச்சாகும் பேட்ச் எண் சரியா என்று பார்ப்பது அவள் உத்தியோகம். பக்கத்து நாற்காலி திவ்யாவுடையது. ஏழு வருடமாக ஒரே பதிவேட்டில் இருவரும் மாற்றி மாற்றி எழுதி வந்தார்கள். மதியம் ஒருத்தியின் டப்பாவில் இன்னொருத்தி கை வைப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளை இந்த விளையாட்டுக்கு இழுத்து வந்ததும் திவ்யாதான்.

அப்போது சங்கம் கிடையாது. கொரட்டூரில் தினகரன் என்பவரின் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து ஆடினார்கள். தினகரன் கதை சொல்வார். அவர் மனைவி பஜ்ஜி கொண்டுவந்து வைப்பார். முதல் நாளே எல்லோரும் பாதாளத்தில் வழி தெரியாமல் மாட்டிக்கொள்ள, ஞானகுமாரி பகடையை உருட்டினாள். இருபது விழுந்தது. அல்லிமதியின் கோலிலிருந்து வெளிச்சம் பாய்ந்து குகை முழுக்கப் பகலானது என்று தினகரன் சொன்னார். திவ்யா அவளைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். அன்றைக்கு ரயிலில் வரும்போது ஞானகுமாரி தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள். "எந்தப் பேய ஓட்டிட்டு வர்ற?" என்று கணவர் வேதமுத்து கேட்டார். அதற்கும் சிரித்தாள்.

பிறகு ஹேமநாதன் வந்தார்.

ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் கோப்பு பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். வெளிநாடு போன மகன் விட்டுச்சென்ற விதிப்புத்தகத்தைப் பொழுது போகாமல் படித்தார். முந்நூறு பக்கம். வாழ்க்கையில் இவ்வளவு மகிழ்ச்சி தந்த புத்தகம் வேறில்லை என்றார். ஆனால் அதில் பல இடங்களில் "விளையாடுவோர் விருப்பப்படி" என்று இருந்தது அவரைத் தூங்கவிடவில்லை. மூன்றே மாதத்தில் சங்கம் பதிவாயிற்று. ஜெராக்ஸ் கடை மாடியில் அறை, ரப்பர் ஸ்டாம்பு, பெயர்ப்பலகை. 'மேற்குச் சென்னை கற்பனைச் சாகச விளையாட்டோர் நலச் சங்கம்.' உறுப்பினர்கள் ஒன்பது பேர். பொறுப்பாளர் பதவிகள் பதினொன்று.

கதை நடத்துகிறவரை இந்த விளையாட்டில் ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர், என்பார்கள். அதை ஜெனரல் மேனேஜர் என்று ஹேமநாதன் நினைத்திருந்தார். உண்மை தெரிந்ததும் தினகரனுக்கு அதுவரை கொடுத்து வந்த மரியாதையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பிறகு தினகரன் எந்த அரக்கனைக் கதைக்குள் விடுவதானாலும் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது.

*

மந்திரத் தேர்வு உபகுழுவின் நேர்காணல் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. அல்லிமதி ஐந்தாம் படிக்கு உயர்ந்திருந்தாள், ஐந்து மந்திரம் வைத்துக்கொள்ளலாம். ஞானகுமாரி ஒரு வாரம் யோசித்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். காயமாற்று, கல்கவசம், ஒளிவிடு, பறவைமொழி, மீளுயிர்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நாற்காலி. நடுவில் ஹேமநாதன். வலப்பக்கம் வினோத். இடப்பக்கம் காலி.

"மூணாவது மெம்பர் யாருன்னு ரகசியம் மேடம்," என்றார் வினோத். "பாரபட்சம் இருக்கக் கூடாதுன்னுதான். அவுங்க கருத்து கவர்ல வந்துகீது."

ஹேமநாதன் பட்டியலைப் படித்தார். "பறவைமொழி எதுக்கும்மா?"

"பறவைங்ககிட்ட பேசலாம் சார்."

"பேசி?"

"ஆசையா இருந்துச்சு சார்," என்றாள்.

ஹேமநாதன் சிவப்பு மையால் அடித்தார். "சங்கத்துக்குப் பறவைகளோட எந்தக் கடிதப் போக்குவரத்தும் கிடையாது. அடுத்தது, ஒளிவிடு. இது பொதுவா எல்லாருக்கும் வெளிச்சம் காட்டுற மந்திரம். பயனாளி யாருன்னு குறிப்பிடல. பயனாளி பெயர் இல்லாம எந்த நலத்திட்டமும் தர முடியாது."

அதையும் அடித்தார். பிறகு மீளுயிரிடம் வந்தார். துணை மந்திரக்காரி விழுந்துவிட்டால், ஒரே ஒரு முறை, தானாகவே எழுந்துகொள்ள உதவும் மந்திரம் அது.

"இது யாருக்கு?"

"எனக்கு சார். நான் விழுந்துட்டா என்னைத் தூக்க வேற ஹீலர் இல்ல."

ஹேமநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் உரை வரும் என்று தெரிந்த வினோத் பேனாவை மூடி வைத்தார்.

"அம்மா, துணைன்னா என்ன? அடுத்தவருக்குத் துணை. தனக்குத் தானே துணைன்னு உலகத்துல எங்கயாவது உண்டா? நான் முப்பத்துநாலு வருஷம் சர்வீஸ் பண்ணினேன். ஒரு நாள் எனக்காக நான் கையெழுத்துப் போட்டதில்ல. எனக்காகக் கையெழுத்துப் போடக் கீழே ஆறு பேர் வெச்சிருந்தேன். அதுதான் தியாகம். மந்திரம் தனி மனுஷர் சொத்து இல்ல. அது உங்ககிட்ட இருக்கும். எங்களுக்குப் பயன்படும்."

உறை பிரிக்கப்பட்டது. ஹேமநாதன் படித்துத் தலையாட்டி, கோப்பில் வைத்துக்கொண்டார். மூன்றாவது உறுப்பினரும் ஆட்சேபம் தெரிவித்திருப்பதாகச் சொன்னார்.

கடைசியில் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. ஹேமநாதனின் வாள்வீரன் பராக்கிரமசூரனுக்குக் கல்கவசம், அவன் வாள் இன்னும் கூர்மையாக வாள்வீறு. எல்லோருக்கும் காயமாற்று. வினோத்தின் திருடன் பூனைக்காலன் சத்தமில்லாமல் நடக்க ஓசையடக்கு. ஐந்தாவது மந்திரம் புகழொலி. பராக்கிரமசூரன் எந்த இடத்துக்குள் காலெடுத்து வைத்தாலும் வானத்திலிருந்து எக்காளம் முழங்கும். அதற்கு மேல் அந்த மந்திரத்தால் எந்தப் பலனும் இல்லை என்று விதிப்புத்தகத்திலேயே போட்டிருந்தது.

திவ்யா கீழே டீக்கடையில் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் டீயை அவள் கையில் கொடுத்து, "விடு ஞானா. அடுத்த லெவல்ல வாங்கிக்கலாம். நீ விழுந்தா நான் தூக்க மாட்டனா? சும்மாவா கூட இருக்கேன்?" என்றாள்.

ஞானகுமாரிக்கு மனசு ஆறிவிட்டது. அடுத்த வாரமே திவ்யா சங்கத்தின் இணைச் செயலாளர் ஆனாள். ஞானகுமாரிதான் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள்.

*

ஜூலை மாதம் ஆறு கை அரக்கன் ஒருவனிடம் பராக்கிரமசூரன் அடிபட்டு விழுந்தான். தம் பாத்திரத்துக்கு நினைவு தப்பியதால் ஹேமநாதனும் விதியை மதித்து நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

"மூணு சுத்துக்குள்ள காயமாற்று போடலைன்னா செத்துடுவாரு," என்றார் தினகரன்.

ஞானகுமாரி பகடையை எடுத்தாள். வினோத் கையைக் குறுக்கே நீட்டினார். "மேடம், ஒன்பதாம் நம்பர் ஃபாரம்."

காயமாற்று பெறும் பயனாளி, அதைப் பெறச் சம்மதம் என்று ஒன்பதாம் எண் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். அந்த விதியை எழுதியவர் ஹேமநாதன்தான்.

"சார் மயக்கத்துல இருக்காரே," என்றாள் ஞானகுமாரி.

"அதான் இன்னா பண்றதுன்னு யோசிச்சுகினு கீறேன். ரேகை வெச்சிக்கலாம்னா, மயக்கத்துல கீறவரு கையப் புட்ச்சி நாம வெச்சா அது ஃபோர்ஜரி ஆயிடும்."

"ரெண்டாவது சுத்து," என்றார் தினகரன்.

"அவர் குடும்பத்துல யாராவது கையெழுத்துப் போடலாமா?" என்றாள் திவ்யா.

"போடலாம். பராக்கிரமசூரனுக்குக் குடும்பம் கீதா?"

எல்லோரும் பாத்திரக் குறிப்பைப் புரட்டினார்கள். 'பிறப்பு: எரிமலையில்' என்று இருந்தது. மூன்றாவது சுற்று என்று தினகரன் வாயைத் திறப்பதற்குள் ஞானகுமாரி பகடையை உருட்டிவிட்டாள். பதினெட்டு. காயம் ஆறியது. பராக்கிரமசூரன் எழுந்தான்.

ஹேமநாதன் கண்ணைத் திறந்தார். "யாருடைய உத்தரவின் பேரில்?" என்று கேட்டார்.

புதன்கிழமை பதிவுத் தபாலில் குறிப்பாணை வந்தது. ஒப்புதலின்றி உயிர் காத்தமைக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். கீழே ஹேமநாதன் தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். 'பிழைத்தவன் என்ற முறையில் நன்றி. தலைவர் என்ற முறையில் இக்குறிப்பாணை.'

ஞானகுமாரி மதிய இடைவேளையில் திவ்யாவிடம் காட்டினாள். திவ்யா சோற்றைப் பிசைந்தபடி படித்தாள். "மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் குடுத்துடு. பெரியவரு. விளையாட்டுதானே," என்றாள். ஞானகுமாரி கொடுத்தாள். தண்டனையாக ஒரு மாதம் ஆட்டத்தின்போது அவள் பேசக் கூடாது என்றும், காயம் ஆற்றுவதானால் கையை உயர்த்திக்காட்டலாம் என்றும் தீர்மானமாயிற்று. அந்த மாதம் நான்கு ஞாயிறும் அவள் போனாள். பதினோரு முறை கையை உயர்த்தினாள்.

*

டிசம்பரில் ஆண்டு மாபெரும் சாகசம். பூந்தமல்லியிலிருந்தும் பாரிவாக்கத்திலிருந்தும் பார்வையாளர்கள் வந்து சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தினகரன் மூன்று தலை டிராகனுக்கு விண்ணப்பித்திருந்தார். இடநெருக்கடி கருதி இரண்டு தலைக்கு அனுமதி கிடைத்தது.

சங்கத்தின் பொது இருப்பில் ஒரே ஒரு சஞ்சீவிக் குப்பி இருந்தது. விழுந்தவர் யாராக இருந்தாலும் எழுப்பிவிடும். இணைச் செயலாளர் என்ற முறையில் அது திவ்யாவின் வில்லாளி வேங்கைநாச்சியின் இடுப்பில் இருந்தது.

சண்டை இரண்டு மணி நேரம் நடந்தது. ஞானகுமாரி பராக்கிரமசூரனுக்குக் கல்கவசம் கொடுத்தாள். வாளுக்கு வீறு கொடுத்தாள். பூனைக்காலனின் காலடிச் சத்தத்தை அடக்கினாள். டிராகன் நெருப்பைக் கக்கியதில் வேங்கைநாச்சியும் அல்லிமதியும் ஒன்றாகக் கருகினார்கள். காயமாற்று ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம்.

"யாருக்கு?" என்றார் தினகரன்.

ஒன்பதாம் எண் படிவத்தைத் திவ்யாவிடம் நீட்டினாள் ஞானகுமாரி. திவ்யா சட்டென்று கையெழுத்துப் போட்டாள். வேங்கைநாச்சி எழுந்தாள்.

இப்போது டிராகனின் ஒரு தலை அறுந்து கிடந்தது. இன்னொன்று புகையில் கண் தெரியாமல் தடுமாறியது. அல்லிமதி அதன் மூக்கடியில், ஒரு பாறைக்குப் பின்னால், அசையாமல் படுத்திருந்தாள். அசையாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று தினகரன் சொன்னார். அந்த நேரத்தில் ஹேமநாதன், பராக்கிரமசூரன் குகையின் உள்ளறைக்குள் நுழைவதாக அறிவித்தார். அறிவித்துவிட்டு ஞானகுமாரியைப் பார்த்தார்.

"என்ன சார்?"

"புகழொலி."

"சார், மந்திரம் சொல்ல நான் வாயத் திறந்தா அது என் பக்கம் திரும்பிடும்."

"உள்ளே நுழையும்போது ஒலிக்க வேண்டும்னு ஆணையிலே இருக்கு. பார்வையாளர்கள் வந்திருக்காங்க."

ஞானகுமாரி மந்திரத்தைச் சொன்னாள். எக்காளம் முழங்கியது. டிராகன் திரும்பியது. தினகரன் தலையைக் குனிந்துகொண்டு பகடையை உருட்டினார். அல்லிமதியின் மூச்சு அடங்கியது.

ஞானகுமாரி திவ்யாவைப் பார்த்தாள். அவளுக்குப் பயமே இல்லை. சஞ்சீவி திவ்யாவிடம் இருக்கிறது.

திவ்யா கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "இது பொது இருப்பு," என்றாள் யாரையும் பார்க்காமல். "செயற்குழுவுக்கு வைக்கணும்."

அங்கேயே செயற்குழு கூடியது. ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

"பார்வையாளர்களுக்கு வணக்கம். அல்லிமதியின் சேவையை இந்தச் சங்கம் ஒருநாளும் மறக்காது. அவர் இல்லாவிட்டால் நான் ஜூலையிலேயே இறந்திருப்பேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருப்பதோ ஒரு குப்பி. அதை இன்று அவருக்குக் கொடுத்துவிட்டால், நாளை எனக்குத் தேவைப்படும்போது என்ன செய்வது? மேலும், அவர் எழுந்தாலும் அவரிடம் மந்திரம் எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் நமக்கே கொடுத்துவிட்டார். ஒன்றுமில்லாதவரை எழுப்பி, அவரை நாம் சங்கடப்படுத்தலாமா?"

பார்வையாளர்கள் கை தட்டினார்கள். வினோத் இரங்கல் தீர்மானத்தை முன்மொழிந்தார். வழிமொழிய யாராவது வேண்டும் என்று ஹேமநாதன் மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

திவ்யா கையை உயர்த்தினாள்.

எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். ஞானகுமாரியும் நின்றாள். உட்கார்ந்தே இருந்தால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. மௌனம் முடிந்ததும் பராக்கிரமசூரன் ஒரே வெட்டில் டிராகனைக் கொன்றான்.

தீர்மான நகலை வாங்கிக்கொள்ள அவள் வினோத்தின் மேசைக்குப் போனாள். அவர் பார்வையாளர்களுக்கு வடை கொடுத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பச்சை ஃபைல்ல கீது மேடம், நீங்களே எட்த்துக்கோங்க," என்றார்.

பச்சைக் கோப்பு இரண்டு இருந்தது. அவள் திறந்தது மந்திரத் தேர்வு உபகுழுவின் கோப்பு. மேலேயே அந்த உறையும் உள்ளிருந்த தாளும். கையெழுத்தைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏழு வருடமாக ஒரே பதிவேட்டில் தன் எழுத்துக்கு மேலும் கீழும் பார்த்த எழுத்து.

'விண்ணப்பதாரருக்கு மீளுயிர் தேவையில்லை. அந்த இடத்தைத் தலைவரின் புகழொலிக்கு ஒதுக்கலாம். விண்ணப்பதாரர் எனக்கு நன்கு தெரிந்தவர். எதற்கும் கோபப்பட மாட்டார்.'

தாளை இருந்த இடத்திலேயே வைத்துக் கோப்பை மூடினாள். ஹேமநாதன் அவளைக் கூப்பிட்டு, துணை மந்திரக்காரி பணியிடம் இன்றைய தேதியிலிருந்து காலி என்றும், முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்றும், அவளும் விண்ணப்பிக்கலாம் என்றும் பெருந்தன்மையோடு தெரிவித்தார். "முதல் படியிலேருந்து ஆரம்பிக்கணும். ஆனா உங்களுக்கு நடைமுறையெல்லாம் தெரியுமே," என்றார்.

*

கொரட்டூர் ரயில் நிலையத்தில் ஆவடிப் பக்கம் போகும் நடைமேடையில் அவள் நின்றபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. திவ்யா ஓட்டமும் நடையுமாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்ட? கோவமா?"

"அந்தக் கவர்ல இருந்தத நீதான எழுதின?"

திவ்யா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "இணைச் செயலாளர் போஸ்ட் வேணும்னா ஒரு ஆட்சேபக் குறிப்பாவது எழுதிக் காட்டுன்னு சார் சொன்னாரு. யாரைப் பத்தியாச்சும் எழுதியாகணும். வேற யாரைப் பத்தி எழுதினாலும் சண்டைக்கு வந்திருப்பாங்க ஞானா."

"சரி. இன்னிக்கு? சஞ்சீவி உன் கையிலதான இருந்துச்சு?"

"அத்தனை பேர் முன்னாடி நான் இன்னா பண்ண முடியும்? நீயே சொல்லு. என் இடத்துல நீ இருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"உன்ன எழுப்பியிருப்பேன்," என்றாள் ஞானகுமாரி.

"அது தெரியும்," என்றாள் திவ்யா. அதில் அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. "அதனாலதான உனக்கு ஹீலர் குடுத்தோம்."

மின்சார ரயில் வந்து நின்றது. திவ்யா பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்தாள். "வா ஞானா, சீட்டு கீது," என்று கம்பிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

ஞானகுமாரி நகரவில்லை. ரயில் கிளம்பி, கடைசிப் பெட்டியும் பட்டரைவாக்கம் பக்கம் மறைந்த பிறகு, நடைமேடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அடுத்தடுத்த நாற்காலி. டப்பாவில் என்ன கட்டுவது, அதை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.